வில்லுக்காரியின் இரண்டாம் பாகம்

கல்யாணத்துக்காக எடுத்த விடுப்பு தீர்ந்து அண்ணன் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போன சில மாதங்களில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. அவனோடு கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அடி அண்ணாமலைக்காரர் ஒருவர் ஊருக்கு வரும்போது சுமந்து வந்து கொடுத்தார். பிரித்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வீடியோ கேம் மெஷின், டிவியில் செருகுவதற்கு வயர்கள், செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரே ஒரு சிடி. சிடியின் மேல் என்னென்னவோ எழுதியிருந்தது. அநேகமாக எல்லாம் ஜப்பான் எழுத்து.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது அண்ணன் அதைப்பற்றி அதிகம் சொல்லவில்லை. அறையில் கூட இருந்தவன் வேலையை விட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனானாம். வீட்டில் பொழுது போகட்டும் என்று அனுப்பினானாம். யாருக்குப் பொழுது போகட்டும் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் என்று அம்மா நினைத்தாள். அண்ணிக்கு என்று நான் நினைத்தேன். அண்ணி எதையும் காட்டிக்கொள்ளாமல் டிரான்ஸ்ஃபார்மரைத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற காலம் அது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் மனை பிரித்து விற்ற இடத்தில் எங்கள் வீடு இருந்தது. சுற்றிலும் பாதி கட்டிய வீடுகள்தான். நான் டிகிரி முடித்துவிட்டு பி.எட். இடத்துக்காகக் காத்திருந்தேன். அண்ணி செய்யாறு பக்கத்தில் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பத்துப் பெண். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். இருந்தும் நான் அவளை ‘வாங்க, போங்க’ என்றேன். அவளும் என்னை அப்படியே கூப்பிட்டாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைப்போலப் பேசிக்கொண்டோம்.

ஒரு மத்தியானம் அம்மா தூங்கிய பிறகு அண்ணிதான் கேட்டாள், அதைப் போட்டுப் பார்க்கலாமா என்று.

படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில் வந்தது. எங்கள் டிவி கலர் டிவி. ரிப்பேர்க்காரரை வரவழைத்தோம். ஜப்பான் மெஷினுக்கும் நம்ம ஊர் டிவிக்கும் ஒத்துப்போகாது, கலர் வராது, அப்படியே பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே பார்த்தோம்.

அது மற்ற வீடியோ கேம்களைப்போலச் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை. கதை இருந்தது. தோளில் வில்லோடு ஒரு பெண், ஒரு கண்ணைத் துணியால் கட்டிய உயரமான ஆள், குடையை ஊன்றி நடக்கிற கிழவர். மூன்று பேரும் ஊர் ஊராக நடந்தார்கள். போகிற இடத்தில் ஜனங்கள் இவர்களிடம் ஏதோ பேசினார்கள். பேச்சு முழுவதும் திரையின் அடியில் எழுத்தாக ஓடியது. எங்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. சண்டை வந்தால் அவர்கள் ஒரு அடி, நாம் ஒரு அடி என்று முறை வைத்து அடித்துக்கொள்ள வேண்டும். எந்த வரியை அமுக்கினால் மருந்து, எதை அமுக்கினால் ஓட்டம் என்று தடவித் தடவிக் கற்றுக்கொண்டோம். ஒருமுறை தெரியாமல் ஒரு கடையில் வில்லை விற்றுவிட்டோம். அந்த வாரம் முழுக்க வில்லுக்காரி வெறும் கையால் குத்திக்கொண்டிருந்தாள்.

எழுத்து புரியாததால் அண்ணி பேச ஆரம்பித்தாள். திரையில் வாய் அசைந்தால் அதற்கு ஏற்றபடி அவளே வசனம் சொன்னாள். குடைக் கிழவர் செய்யாறு கரும்பு ஏஜெண்டைப்போலக் கறாராகப் பேசினார். ஒற்றைக்கண் ஆளுக்கு அவள் மிகக் கம்மியாகத்தான் வசனம் கொடுத்தாள். “சாப்ட்டியா”, “கால் வலிக்குதா”, அவ்வளவுதான். அவன் வில்லுக்காரியின் புருஷன் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“பின்னாடியே வரான் பாருங்க. எதுவும் கேக்காம வரான். வேற யாரு வருவாங்க?” என்றாள்.

அவள் விளையாட்டைத்தான் சொல்கிறாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அண்ணனும் அதிகம் பேசாதவன். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்திருந்த நாட்களில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் மத்தியானங்களில் அண்ணி பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. எந்த வாரத்தில் ‘வாங்க, போங்க’ விட்டுப்போனது என்று நினைவில்லை. ஒருநாள் பார்த்தால் அவள் என்னை ‘ஏ, லெஃப்ட்ல போ’ என்று விரட்டிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் ‘ங்க’வை விடவில்லை.

மழைக்காலத்தில் கதை முடிந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஒரு பெரிய ஏரிக்கரை. வில்லுக்காரி வில்லைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் நடந்து போனாள். தலை மறைந்தது. ஒற்றைக்கண் ஆள் கரையில் நின்றுகொண்டிருந்தான். திரை இருண்டது. கறுப்பில் ஒரே ஒரு வரி வெள்ளை எழுத்து. அதன் நடுவில் எங்களால் படிக்க முடிந்த ஒன்று, 2 என்ற எண். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் மாறவில்லை.

சிடியை வெளியே எடுத்துப் பார்த்தோம். அந்த எழுத்துகளுக்கு நடுவே 1 என்று இருந்தது. எங்களுக்கு விளங்கிவிட்டது. இது முதல் பாகம். இரண்டாம் பாகம் வரும் என்று சொல்லி முடித்திருக்கிறார்கள்.

அண்ணி அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. உடம்புக்கு என்னம்மா என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை அத்தை என்றாள். ஏரியில் இறங்கிய பெண்ணைப்பற்றி அம்மாவிடம் என்னவென்று சொல்வது?

அதன் பிறகு எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது. வில்லுக்காரி செத்துவிட்டாளா, ஏரிக்கு அடியில் வேறு ஊர் இருக்கிறதா, இரண்டாம் பாகத்தில் அவள் வருவாளா, வராவிட்டால் அதை யாருக்காக விளையாடுவது என்று பேசினோம். துணி மடிக்கும்போது பேசினோம், அரிசி புடைக்கும்போது பேசினோம். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அண்ணி மூலையில் திரும்பி நின்று மெதுவாகப் பேசுவாள். அந்தரங்கமாக ஏதோ பேசுகிறார்கள் என்று அம்மாவும் அப்பாவும் எழுந்து வெளியே போவார்கள். எனக்கு மட்டும் தெரியும், ரெண்டாம் பாகம் வந்துவிட்டதா என்று கடையில் கேளுங்கள் என்பதைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த விளையாட்டு, பேர் என்ன என்று கேட்டான். பேர் எங்களுக்கே தெரியாது. சிடியின் ஓரத்தில் பொடியாக ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி இருந்தது. அதை அண்ணி படித்துச் சொல்ல, அவன் அங்கே எழுதிக்கொண்டான். ஒரு வாரம், இரண்டாம் பாகம் இன்னும் வரவில்லை என்றான். அடுத்த வாரம், வந்துவிட்டது என்று இன்னொரு கடையில் சொன்னார்கள் என்றான். அதற்கடுத்த வாரம், இரண்டாம் பாகம் என்று ஒன்றே கிடையாதாம் என்றான்.

செங்கம் ரோட்டில் அப்போது பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்தன. ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள்தான் அங்கே ஜாஸ்தி. நானும் அண்ணியும் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனோம், கோயிலுக்கும் போனோம். சிடியில் இருந்த குறியை அடித்துத் தேடினால் ஒரு பக்கம் திறந்தது. முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் காலிப் பெட்டிகள். ஜப்பான் எழுத்து இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்றார் கடைக்காரர். பக்கத்தின் நடுவில் ஒரு படம் மேலிருந்து கீழாக, சிறிது சிறிதாக இறங்கியது. முதலில் வானம். பிறகு முடி, பிறகு நெற்றி. புருவம் வரும்போது கரெண்ட் போய்விட்டது.

அந்த நெற்றி யாருடையது என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். வில்லுக்காரியே என்றாள் அண்ணி. இது வேறு பெண், வகிடு வேறு பக்கம் இருக்கிறது என்றேன் நான். மறுபடி போனபோது அந்தப் பக்கம் திறக்கவே இல்லை.

மூன்றாம் முறையோ நான்காம் முறையோ போனபோது, பக்கத்துத் தடுப்பில் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பருத்திச் சுடிதார், கழுத்தில் ருத்திராட்சம். அவருடைய திரையில் கட்டங்கள் இல்லை. சிடியில் இருந்ததைப் போன்ற எழுத்துகள் இருந்தன. அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் யாரோ அந்த எழுத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். அண்ணி என் முழங்கையைக் கிள்ளினாள். டிகிரி படித்த நான் நின்றுகொண்டிருக்க, பன்னிரண்டாவதோடு நிறுத்திய அண்ணி அவர் பக்கம் போய், “மேடம், ஒன் ஹெல்ப்” என்றாள்.

அவருக்கு வந்த ஆங்கிலமும் எங்களுடையதும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒருவழியாகப் புரியவைத்தோம். மறுநாள் மாலை ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆசிரமத்துச் சாமியாரம்மா என்று நினைத்து என் அம்மா தட்டில் பழம் வைத்துக் கொடுத்தாள். அவர் வணங்கி வாங்கிக்கொண்டார். நாங்கள் மெஷினைப் போட்டுக் கடைசிக் காட்சியை ஓட விட்டோம். வில்லுக்காரி தண்ணீருக்குள் போனாள். திரை இருண்டது. வெள்ளை எழுத்து வந்தது.

அவர் படித்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் படித்தார். பிறகு மெஷினின் மூடியைத் தொட்டுக் காட்டி, “சிடி சேஞ்ச். நம்பர் டூ சிடி” என்றார்.

எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது இரண்டாம் பாகம் வரும் என்ற அறிவிப்பு இல்லை. இரண்டாவது சிடியைப் போடு என்கிறது. கதை முடியவே இல்லை. பாதியில் நின்று காத்துக்கொண்டிருந்தது, எங்களைப் போலவே. அந்த இரண்டாவது சிடி அண்ணனின் அறையில் இருந்தவனோடு போய்விட்டதோ, எங்கே கிடந்ததோ.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து, முன்னால் சேமித்து வைத்த ஒரு இடத்தைப் பார்த்தார். அதில் ஒற்றைக்கண் ஆள் வில்லுக்காரியிடம் ஏதோ சொன்னான். அது என்ன என்று கேட்டோம். யோசித்துவிட்டு, அவன் அவளை அக்கா என்று கூப்பிடுகிறான் என்றார்.

அண்ணியின் முகம் மாறிவிட்டது. அவர் போன பிறகு மெஷினின் வயர்களைச் சுருட்டி வைத்தாள். பிறகு, “அவங்களுக்குச் சரியா தெரியலை” என்றாள். அவங்க பாஷை அண்ணி, அவங்களுக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்டேன். “பாஷை தெரியும். நாம எத்தினி மாசமா கூடவே நடக்கறோம், அவங்க இன்னிக்கு ஒரு நாள்தானே பாத்தாங்க” என்றாள். எனக்கு எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. பாஷை தெரிந்தவர் சொல்வதுதான் சரி என்று அறிவு சொன்னது. ஆனால் அத்தனை மத்தியானங்களும் பொய் என்றும் நினைக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் வந்து, நிஜமாகவே இரண்டாம் பாகம் வரப்போகிறது என்றான். கடையில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்களாம். ஆனால் அது எங்கள் மெஷினில் ஓடாது, புது மெஷின் வேண்டும் என்றான். இப்போது எங்களிடம் இருந்தது பாதிக் கதை. வரப்போவது அதற்கு அடுத்த கதை. நடுவில் இருந்த பாதி எங்கேயும் இல்லை. பழசு இனிமேல் கடையில் வராது என்று சொல்லிவிட்டார்களாம்.

பாதி தெரியாமல் அடுத்ததை விளையாடி என்ன புரியும் என்று நான் சோர்ந்துபோனேன். அண்ணி கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்துவிட்டுச் சொன்னாள்: “வரட்டும். நான் இந்த ஊட்டுக்கு வந்தப்ப எல்லாம் தெரிஞ்சா வந்தேன்?”

காத்திருந்தோம். பொங்கலுக்கு வரும் என்றார்கள், வரவில்லை. ஆடி என்றான் அண்ணன், அப்புறம் அவர்களே தேதியைத் தள்ளிவிட்டார்கள் என்றான். எங்களுக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. பார்த்தே இராத ஜப்பான்காரர்கள்மேல் கோபித்துக்கொண்டோம். கடைசியில் அண்ணன், கார்த்திகை தீபத்துக்கு லீவில் வருகிறேன், கையோடு கொண்டுவருகிறேன் என்றான். அண்ணி வீட்டைக் கழுவினாள், புதுத் திரைச்சீலை தைத்தாள். பாடிக்கொண்டே தைத்தாள். அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்து, இவள் புருஷன் வருகிறான் என்று குதிக்கிறாளா, அந்தப் பெட்டி வருகிறது என்று குதிக்கிறாளா என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன். அது உண்மை.

தீபத்துக்கு முந்தின நாளே கூட்டத்தால் ஊருக்குள் எந்த பஸ்சும் வராது. அண்ணன் ஊருக்கு வெளியே இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகத் தலையில் ஒரு பெட்டியும் கையில் இரண்டுமாக நடந்தே வந்து சேர்ந்தான். இளைத்திருந்தான். வழக்கமாகக் கொண்டுவரும் சாக்லெட், தைலம் எதுவும் இல்லை. பெட்டிகளில் அவனுடைய பழைய போர்வை, சாதம் வடிக்கிற குக்கர், வேலைக்குப் போடுகிற பூட்ஸ் எல்லாம் இருந்தன. லீவில் வருகிறவன் இதையெல்லாம் ஏன் சுமந்து வருகிறான் என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. அதற்குள் அண்ணி புது மெஷினை எடுத்துவிட்டாள். எனக்கு மற்றது மறந்துவிட்டது.

எங்களுக்குப் புரியட்டும் என்று அவன் ஆங்கிலத்தில் வந்த பதிப்பை வாங்கி வந்திருந்தான். இந்தமுறை கலரும் வந்தது. முதல் காட்சியிலேயே நாங்கள் தடுமாறிப்போனோம். இருபது வருடம் கழித்து நடக்கிற கதை. குடைக் கிழவர் இல்லை. ஒற்றைக்கண் ஆள் தாடி நரைத்து ஒரு சத்திரம் நடத்திக்கொண்டிருந்தான். கண்ணைக் கட்டிய துணி பச்சை நிறம் என்று அன்றுதான் தெரிந்தது. அவன் வாயைத் திறந்தான். அமெரிக்கக்காரனின் கீச்சுக் குரல் வந்தது. அண்ணி திடுக்கிட்டு என் கையைப் பிடித்தாள்.

“இவன் இல்லை” என்றாள். அவன்தான் அண்ணி என்றேன். “குரலு இவன் குரல் இல்லையே” என்றாள்.

அண்ணனும் எங்களோடு உட்கார்ந்து விளையாடினான். அவனுக்குச் சண்டைதான் பிடித்தது. பேச்சு வந்தால் பட்டனை அமுக்கித் தள்ளிவிடுவான். அண்ணி முதலில் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்து, “இருங்க. என்னா சொல்றாங்கன்னு படிக்கணும்” என்றாள். அவன் நிறுத்திவிட்டான். நான் ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்ல, அண்ணி கேட்க, அண்ணன் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று அவனுக்கு அதற்குமுன் தெரியாது என்று நினைக்கிறேன்.

கதை எங்களுக்கு அரையும் குறையுமாகத்தான் புரிந்தது. ஏரியில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போல அவர்கள் பேசிக்கொண்டார்கள். வில்லுக்காரி வரவே இல்லை. கடைசியில் ஒரு இளம்பெண், அவள் உனக்கு யார் என்று சத்திரக்காரனிடம் கேட்டாள். எனக்கு இருந்த ஒரே உறவு அவள்தான் என்றான். அத்தோடு கதை முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

அக்காவைத்தான் சொல்கிறான் என்றேன் நான். பெண்டாட்டியைச் சொல்கிறான் என்றாள் அண்ணி. அண்ணனைக் கேட்டோம். அவன் முதல் பாகத்தையே பார்க்காதவன், திருதிருவென்று விழித்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, கேட்காமலே, ரெண்டும் உறவுதானே என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

அண்ணி அண்ணனைப் பார்த்து, மூன்றாம் பாகம் எப்போது வரும், அங்கே போனதும் கடையில் கேளுங்கள் என்றாள்.

அண்ணன் கையில் இருந்ததைக் கீழே வைத்தான். “நான் இனிமே போகலை” என்றான். “கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சு. திருப்பி எடுக்கலை. வந்த அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன்.”

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடித்தார். எனக்கு அண்ணியின் முகத்தைத்தான் பார்க்கத் தோன்றியது. சந்தோஷமா, பயமா, ஏமாற்றமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றும் இருந்திருக்கலாம். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கிறவரை அங்கேயே நின்றாள்.

தை பிறந்ததும் அண்ணன் போளூர் ரோட்டில் ஒரு கிரில் கேட் பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தான். எனக்கு அந்த வருடம் வேலூரில் பி.எட். இடம் கிடைத்து ஹாஸ்டலுக்குப் போனேன். முதல் லீவில் வந்தபோது அண்ணி காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்ததில் சந்தோஷம்தானே என்று அவளிடம் கேட்டேன். அவ்வளவு நாள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

கல்லில் எண்ணெய் தடவியபடி யோசித்தாள். “தெரியலை. மூணு வேளையும் ஊட்டுக்கு வராரு. இன்னா பேசறதுன்னு சில நாள் தெரியறதில்ல. அப்புறம் ஏதோ ஒண்ணு பேசிடறோம்” என்றாள். பிறகு தோசையைத் திருப்பிப் போட்டு, ஆறுவதற்குள் அவரைக் கூப்பிடு என்றாள்.

வெளியே போனேன். பக்கத்து வீட்டுக்குப் புதுக் கேட் வைக்க அண்ணன் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் செங்கல்லை வைத்திருந்தான். நான் அந்த முனையைப் பிடித்துக்கொண்டேன். அளந்து முடித்ததும் இரண்டு பேரும் சாப்பிட உள்ளே போனோம்.